காய்ச்சல் விட்ட நாள்: ஒரு விடுதி மாணவன் ஏறி இறங்கிய ஆறு வாசல்கள்

வெள்ளிக்கிழமை காலையில் அவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. குளித்தான், இரண்டு இட்லி சாப்பிட்டான், உள்மதிப்பீட்டுத் தேர்வு எழுதப் போனான். அன்று நள்ளிரவு தாண்டி ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவனுடைய இரத்த அழுத்தம் 90-க்கு 76 என்று இருந்தது. கைகால்கள் சில்லிட்டிருந்தன. நண்பகலுக்குப் பிறகு அவன் சிறுநீரே கழித்திருக்கவில்லை.

நான் அந்த மாணவனின் விடுதிக் காப்பாளர். செங்கல்பட்டு மாவட்டத்தில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். 2023 அக்டோபர் 30, திங்கள் முதல் நவம்பர் 7, செவ்வாய் வரை நடந்ததை மருத்துவச் சீட்டுகள், மருந்துக்கடை ரசீது, ஆய்வக அறிக்கை, அறை நண்பர்களின் வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை வைத்து நாள் வாரியாகத் தொகுத்தேன். மாணவனும் பெற்றோரும் இதை எழுத ஒப்புக்கொண்டார்கள். பெயரும் ஊரும் வேண்டாமென்றார்கள், எனவே இல்லை.

இதை எழுதக் காரணம் உண்டு. டெங்குவிலிருந்து அவன் பிழைத்து வந்த பிறகு கல்லூரியில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "முதலிலேயே டாக்டரிடம் போயிருக்க வேண்டும்." அது உண்மையல்ல. அவன் போனான். ஐந்து நாட்களில் நான்கு இடங்களுக்குப் போனான், பிறகு நாங்கள் இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோனோம். பெரும்பாலான இடங்களில் அவனுக்குக் கிடைத்தது பெரிய தவறென்றும் சொல்ல முடியாது. ஆனாலும் உயிர் போகும் நிலைக்கு வந்துவிட்டான்.

திங்கள்: மருந்துக்கடை

மூன்றாம் ஆண்டு மாணவன். அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு விவசாயி, குடும்பத்தில் முதல் பட்டதாரி இவன்தான். திங்கள் மாலை நான்கு மணிக்கு ஆய்வக வகுப்பில் குளிர் எடுத்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பை முறிப்பது போன்ற வலி. விடுதி வாசலுக்கு எதிரே மருந்துக்கடை. "காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கியிருக்கிறான். விலை 60 ரூபாய்.

செட் மாத்திரை என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காகிதத்தில் மடித்துத் தருவார்கள், பெயர் இருக்காது. அந்த மடிப்பில் மீந்த ஒரு வேளையைப் பிறகு மருத்துவரிடம் காட்டினோம். அசிக்ளோஃபினாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த வலி மாத்திரை ஒன்று, சளிக்கு செட்டிரிசின், அசித்ரோமைசின், வயிற்றுக்கு ஒன்று. இவற்றில் குறைந்தது இரண்டு, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பவை.

டெங்குவாக இருக்கலாம் என்ற மழைக்காலத்தில் அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலி மருந்துகளைத் தொடவே கூடாது. அவை வயிற்றின் உட்பரப்பை அரிக்கும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) வேலையையும் கெடுக்கும். தட்டணுக்கள் ஏற்கெனவே குறையப்போகிற நோயில் இரத்தக் கசிவுக்கு வழி திறந்துவிடுகிறோம். வைரஸ் காய்ச்சலுக்கு அசித்ரோமைசினால் ஒரு பயனும் இல்லை.

செட்டில் ஏற்கெனவே பாரசிட்டமால் இருப்பது அவனுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை செட் மூன்று வேளை, அதற்கு மேல் அறை நண்பன் கொடுத்த 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு. ஒரே நாளில் மூன்றரை கிராமைத் தாண்டியது. வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் நான்கு கிராம்தான் உச்ச வரம்பு. டெங்கு கல்லீரலையும் தாக்கும் நோய். அவன் வரம்பை ஒட்டி நடந்துகொண்டிருந்தான், தெரியாமல்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். முதல் நாள் காய்ச்சலுக்கு மருந்துக்கடைக்குப் போவது குற்றமல்ல. வெறும் பாரசிட்டமால், பெயர் அச்சிட்ட அட்டையோடு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு, ஒரு வெப்பமானி. இவற்றைக் கேட்டு வாங்கியிருந்தால் அந்தக் கடை சரியான இடமாகவே இருந்திருக்கும். கேட்டது தவறாகப் போயிற்று.

செவ்வாய்: கல்லூரி மருத்துவ அறை

எங்கள் கல்லூரியில் ஒரு மருத்துவ அறை உண்டு. செவிலியர் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை இருப்பார். மருத்துவர் திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்து முதல் ஏழு வரை வருவார். செவ்வாய் காலை பத்து மணிக்கு அவன் போனான். 102.6 டிகிரி. செவிலியர் வேறு மாத்திரை எதுவும் எடுத்தாயா என்று கேட்டார், இல்லை என்றான். தண்ணீர் நிறையக் குடி, நாளை மாலை டாக்டர் வருவார், வந்து பார் என்று அனுப்பினார்.

செட்டைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "திட்டுவார்கள் என்று நினைத்தேன், சார்." அவ்வளவுதான் காரணம்.

அங்கே அவன் உண்மையில் கேட்க வந்தது மாத்திரையை அல்ல, ஓய்வுச் சீட்டை. சீட்டு கொடுக்கும் அதிகாரம் மருத்துவருக்கு மட்டுமே இருந்தது. எனவே நூற்று இரண்டு டிகிரியோடு பிற்பகல் ஆய்வகத்துக்குப் போனான். அண்ணா பல்கலைக்கழக விதிமுறைப்படி ஒரு பருவத்தில் 75 சதவீத வருகை வேண்டும். 65 முதல் 75 வரை இருந்தால் மருத்துவக் காரணத்துக்காக விலக்குப் பெறலாம், அதற்குச் சான்றிதழ் வேண்டும். அவனுக்கு அப்போது 76 சதவீதம். பேருந்து கிடைக்காமல் வீட்டிலிருந்து தாமதமாக வந்த நாட்களில் போனவை மீதி.

இந்த ஒரு எண்ணைப் புரிந்துகொள்ளாமல் மாணவர்கள் எந்த மருத்துவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளவே முடியாது. விவரம் தெரிந்த ஒருவர் கேட்கும் கேள்வி, "இந்த நோய்க்கு எங்கே போவது?" விடுதி மாணவன் கேட்கும் கேள்வி, "சான்றிதழ் யார் கொடுப்பார்?" புதன்கிழமை அவன் எங்கே போனான் என்பதை முடிவுசெய்தது இரண்டாவது கேள்விதான்.

புதன்: ஊசி

சாலை முக்கில் ஒரு தனியார் கிளினிக். அன்று மாலை கல்லூரி மருத்துவர் வருவார் என்றாலும், சான்றிதழுக்கு நான்காம் ஆண்டு அண்ணன்கள் எல்லோருக்கும் பரிந்துரைப்பது இதைத்தான். மாலை ஆறு மணிக்கு முப்பது பேர் வரிசை. டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார், இடுப்பில் ஓர் ஊசி, ஐந்து நாள் மாத்திரை, மூன்று நாள் சான்றிதழ், 350 ரூபாய். சீட்டின் அடியில் "சி.பி.சி.", அதாவது இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை, என்று எழுதி, இரத்தம் பார்த்துவிட்டு வா என்றும் சொல்லியிருக்கிறார்.

அவர் எழுதியதை நான் கண்ணால் பார்த்தேன், எனவே அவர் மீது முழுப் பழி போட மாட்டேன். ஆனால் காய்ச்சலோடு வருபவருக்குத் தசையில் வலி ஊசி போடும் பழக்கம் மழைக்காலத்தில் ஆபத்தானது. தட்டணு குறையும்போது ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கட்டிக்கொள்ளும். மருத்துவமனையில் சேர்த்தபோது அவன் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலத் தடம் இருந்தது. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நாமும் எதிர்பார்க்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போடாத மருத்துவரிடம் மறுமுறை யாரும் போவதில்லை.

இரத்தப் பரிசோதனைக்கு 300 ரூபாய். கையில் 120 ரூபாய்தான் மிச்சம். வீட்டில் கேட்டால் அம்மா பயந்து புறப்பட்டு வந்துவிடுவார். சீட்டைச் சட்டைப் பையில் வைத்தான்.

அரைக் கிலோமீட்டர் தொலைவில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. அங்கே காய்ச்சலோடு போனால் பரிசோதனைக்குப் பணம் கிடையாது. மூன்று ஆண்டுகளாக அந்தக் கட்டிடத்தைக் கடந்து பேருந்து ஏறியவன் அவன். "அது கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசி போடுவதற்கும் என்று நினைத்தேன்" என்றான். அவன் மட்டுமல்ல, பிறகு விடுதிக் கூட்டத்தில் கேட்டபோது அங்கே ஒருமுறையாவது போனவர்கள் கைவிரல்களில் எண்ணுமளவுக்கே இருந்தார்கள். தன் கிராமத்தில் ஜி.எச்.சுக்கும் சுகாதார நிலையத்துக்கும் போய் வளர்ந்த பிள்ளைகள், கல்லூரி ஊருக்கு வந்ததும் அந்த வாசலை மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்த ஊர் தங்கள் ஊராக ஆவதே இல்லை.

வியாழன்: எண்களை யார் படிப்பது?

அறை நண்பர்கள் பணம் திரட்டி வியாழன் மாலை பரிசோதனை செய்யவைத்தார்கள். இதைச் செய்ததற்காக அந்த மூன்று பையன்களுக்கும் நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். காரணம் பின்னால் வருகிறது.

அறிக்கை இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. தட்டணுக்கள் 1,12,000. வெள்ளணுக்கள் 2,900. பி.சி.வி. 42. நண்பர்கள் குழுவில் விவாதம் நடந்தது. "ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கிறது, பயமில்லை" என்றான் ஒருவன். "பப்பாளி இலைச் சாறு குடித்தால் ஏறிவிடும்" என்றான் இன்னொருவன். யாரோ தேடிப் பறித்துவந்து அரைத்துக் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வாந்தி எடுத்தான். மெஸ்ஸில் நிலவேம்புக் குடிநீரும் கொடுத்தோம். அன்போடு செய்ததுதான், ஆனால் அன்று அவனுக்குத் தேவைப்பட்டது அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்த ஒருவர்.

தட்டணு எண்ணிக்கையைத்தான் ஊரே பார்க்கிறது. 2012-ல் தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரையும், 2017-ல் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரையும் டெங்கு தாக்கியது. ஒவ்வொரு முறையும் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டுகளின் அச்சத்திலிருந்து நம் நினைவில் தங்கியது "பிளேட்லெட்" என்ற ஒரு சொல் மட்டுமே. ஆனால் டெங்குவில் பலர் இறப்பது தட்டணு குறைந்து இரத்தம் கொட்டி அல்ல. மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர் நெகிழ்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசிந்துவிடுகிறது. குழாய்க்குள் மிஞ்சும் இரத்தம் கெட்டிப்படுகிறது, அழுத்தம் இறங்குகிறது, உறுப்புகளுக்கு இரத்தம் போய்ச் சேர்வதில்லை. அந்தக் கெட்டிப்பைக் காட்டும் எண்தான் பி.சி.வி., அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொண்டிருக்கும் பங்கு. தட்டணு சரிந்துகொண்டே வர, பி.சி.வி. ஏறிக்கொண்டே போனால் அது அபாய மணி.

வியாழன் இரவு 42 என்பது சாதாரண எண். ஆனால் அது அவனுடைய அடிப்படை எண். அதை வைத்துத்தான் அடுத்த எண்ணை அளக்க முடியும். மறுநாள் காலை இன்னொரு பரிசோதனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை, ஏனென்றால் மறுநாள் காலை காய்ச்சல் விட்டுவிட்டது.

வெள்ளி

டெங்குவின் கொடுமை இதில்தான் இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடல் சூடு இறங்கும். பெரும்பாலானோருக்கு அது குணமாவதன் தொடக்கம். சிலருக்கு அந்த இறக்கத்தோடுதான் பிளாஸ்மா கசிவு தொடங்குகிறது, அடுத்த 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கிறது. நம் அனுபவமும் உள்ளுணர்வும் பாட்டி சொன்னதும், காய்ச்சல் விட்டால் ஆபத்து நீங்கியது என்றே சொல்கின்றன. இந்த நோயில் அந்த அறிவு நம்மைக் கைவிடுகிறது.

அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து "காய்ச்சல் விட்டுவிட்டது, அம்மா" என்றான். நான்கு நாளாகக் காய்ச்சல் இருந்ததை அவர் அறிந்ததே அப்போதுதான்.

தேர்வு பத்து மணிக்கு. அவனுடைய விடைத்தாளைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். முதல் மூன்று பக்கம் அவனுடைய வழக்கமான நிமிர்ந்த எழுத்து. நான்காம் பக்கத்திலிருந்து வரிகள் கோட்டை விட்டுக் கீழே சரிகின்றன. கடைசிக் கேள்விக்கு எண் மட்டும் போட்டிருக்கிறான். தேர்வறைக் கண்காணிப்பாளர் என் நண்பர். முகம் வெளிறியிருந்ததாகவும், கேட்டதற்கு "காய்ச்சல் விட்டுவிட்டது, சார்" என்றானென்றும் சொன்னார்.

பிற்பகலில் மூன்று முறை வாந்தி. மேல் வயிற்றில் வலி. மெஸ் சட்னி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மீண்டும் மருந்துக்கடை, வயிற்றெரிச்சல் மருந்து ஒரு புட்டி. மாலை ஐந்து மணிக்குக் கல்லூரி மருத்துவர் வந்தார், நடந்து ஐந்து நிமிடத்தில் போயிருக்கலாம். போகவில்லை. காய்ச்சல்தான் இல்லையே.

உலக சுகாதார நிறுவனம் டெங்குவுக்கு வகுத்த எச்சரிக்கை அறிகுறிகள் சில: விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அசதி அல்லது நிலைகொள்ளாத தவிப்பு. வெள்ளி மாலைக்குள் இரண்டு வந்துவிட்டன. இரவு மூன்றாவதும் வந்தது. படுப்பான், எழுவான், நடப்பான், மீண்டும் படுப்பான். 11.40-க்கு அறை நண்பன் என் எண்ணுக்கு அழைத்தான். "சார், அவன் கை ஐஸ் மாதிரி இருக்கிறது."

இரவு: இரண்டு மருத்துவமனைகள்

சக ஆசிரியரின் காரில் ஏற்றி, அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்குப் போனோம். நான் அப்போதே 108-ஐ அழைத்திருக்க வேண்டும். காரில் போனால் சீக்கிரம் என்று தோன்றியது. அவசர ஊர்தி என்பது வெறும் வண்டியல்ல என்பதை, பிறகு அதில் ஏறியபோதுதான் கண்டேன்.

அவசரப் பிரிவின் பணி மருத்துவர் உடனே சலைன் ஏற்றினார். அதற்காக அவருக்கு நன்றி, அது நேரம் வாங்கிக் கொடுத்தது. பரிசோதனையில் தட்டணுக்கள் 38,000. பிறகு வந்த நிர்வாகி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 40 ஆயிரம் முன்பணம் என்றார். தட்டணு ஏற்ற ஆறு பேரைத் தயார் செய்யுங்கள் என்றும் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் விடுதி முழுக்கச் செய்தி பரவி, நள்ளிரவில் இருபது மாணவர்கள் இரத்தம் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் மனதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. ஆனால் அது தேவையே இல்லாத ஓட்டம். இரத்தக் கசிவு இல்லாதபோது, எண்ணிக்கை 10,000-க்குக் கீழே போனாலொழியத் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை என்பதே நம் நாட்டின் டெங்கு சிகிச்சை வழிகாட்டுதல்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு தரும் திட்டம். அவன் குடும்பத்துக்கு அட்டை இருந்தது, வீட்டு அலமாரியில். படம் கூட அவன் கைபேசியில் இல்லை. அட்டை இருந்தாலும் திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனையா, பட்டியலில் உள்ள சிகிச்சையா என்று பார்க்க வேண்டும். நள்ளிரவில் அந்தக் கணக்கைப் போட எனக்குத் தெரியவில்லை.

108-ஐ அழைத்தேன். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் வண்டி, பயணத்துக்குக் கட்டணம் இல்லை. அவசர மருத்துவ உதவியாளர் ஏறியதும் கையில் ஏறிக்கொண்டிருந்த சலைனைச் சரிபார்த்தார், அழுத்தத்தை மறுபடி அளந்தார், போகும் இடத்துக்கு முன்கூட்டியே தகவல் சொன்னார். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அங்கே ஒரு இளம் முதுநிலை மருத்துவ மாணவி. கண்ணில் தூக்கம். அவர் கேட்ட முதல் இரண்டு கேள்விகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் ஐந்து நாளில் அவற்றை யாரும் கேட்டிருக்கவில்லை. "காய்ச்சல் எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது? கடைசியாகச் சிறுநீர் எப்போது போனாய், தம்பி?"

மூன்றாவதாக, "முந்தைய ரிப்போர்ட் இருக்கிறதா?" அறை நண்பன் கைபேசியைத் திறந்து வியாழன் இரவின் அறிக்கையைக் காட்டினான். புதிய பி.சி.வி. 54. பழையது 42. 28 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். 20 சதவீதத்தைத் தாண்டினாலே கசிவு நடக்கிறதென்று பொருள். அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி வெறும் 14. இருபதோ அதற்குக் குறைவோ ஆனால் அது டெங்கு அதிர்ச்சி நிலை. நண்பர்கள் திரட்டிய 300 ரூபாய் இங்கேதான் தன் வேலையைச் செய்தது. அந்தத் தாள் இல்லாவிட்டால் 54 என்ற எண்ணை எதனோடு ஒப்பிடுவது?

தட்டணு ஏற்றவில்லை. திரவம் மட்டுமே, உடல் எடைக்குக் கணக்கிட்டு, மணிக்கு மணி அளந்து, அழுத்தமும் சிறுநீரும் பி.சி.வி.யும் பார்த்துப் பார்த்துக் கூட்டியும் குறைத்தும். சனிக்கிழமை தட்டணு 19,000 வரை இறங்கியது, பின் தானாகவே ஏறத் தொடங்கியது. ஞாயிறு பிற்பகல் சலைனை நிறுத்தினார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பதறிவிட்டார். "ஏன் சார், குளுக்கோஸை நிறுத்திவிட்டார்கள்? பணம் கட்ட வேண்டுமா?" கசிந்த நீர் இப்போது குழாய்க்குத் திரும்பி வருகிறது, இனி ஏற்றினால் நுரையீரலில் தேங்கும் என்று செவிலியர் அவருக்குப் புரியும்படி சொன்னார். டெங்குதான் என்பதை எலைசா என்ற இரத்தப் பரிசோதனை உறுதிசெய்தது. செவ்வாய்க்கிழமை, தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு, வீட்டுக்குப் போனான். மருத்துவமனைக்குக் கொடுத்தது ஒரு ரூபாயும் இல்லை. காய்ச்சல் வார்டின் கொசுவலைக்குள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்தபோது எனக்குக் கால் நடுங்கியது.

எங்கே தவறியது

ஆறு இடங்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு இடமும் அவனுடைய ஒரே ஒரு நாளைப் பார்த்திருக்கிறது. கடைக்காரர் முதல் நாளைப் பார்த்தார், செவிலியர் இரண்டாம் நாளை, கிளினிக் மூன்றாம் நாளை. ஆய்வகம் எண்ணை மட்டும் பார்த்தது. ஐந்து நாட்களையும் சேர்த்துக் கையில் வைத்திருந்தவன் நோயாளி ஒருவனே, அவனுக்கு அவற்றை எண்ணத் தெரியவில்லை. சரியான மருத்துவ இடம் எது என்ற கேள்விக்கு, "காய்ச்சலின் எத்தனையாவது நாள்?" என்று கேட்காமல் விடையே கிடையாது என்பது இந்த ஒரு நிகழ்விலிருந்து நான் கற்றது. அதே கல்லூரி மருத்துவ அறை செவ்வாய்க்கிழமைக்குப் போதுமான இடம். வெள்ளி மாலை, அங்கே போயிருந்தாலும், அங்கிருந்து உடனே அனுப்ப வேண்டிய இடம்.

எங்கள் மாணவர்களிடம் இப்போது நான் சொல்வது இதுதான். முதல் இரண்டு நாள், தண்ணீர் குடிக்க முடிகிறது, சிறுநீர் போகிறது, வேறு வலி இல்லையென்றால் பாரசிட்டமாலும் ஓய்வும் மருத்துவ அறையும் போதும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் கிளினிக்கைத் தாண்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கோ காலையிலேயே போய் இரத்தம் பார்த்துவிட வேண்டும். அறிக்கையைக் கிழிக்காமல் வைத்திருக்க வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் வகுப்பும் தேர்வும் கிடையாது, மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். வயிற்று வலி, வாந்தி, இரத்தம், தவிப்பு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் யாரையும் கேட்காமல் 108. எங்கே போவதென்று குழம்பினால் 104-ல் ஆலோசனை கேட்கலாம். மனம் தளர்ந்து தூக்கமில்லாமல் தவிப்பவர்களுக்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அந்தத் துன்பத்தோடு மருந்துக்கடைக்குத் தூக்க மாத்திரை கேட்டுப் போனவர்களையும் நான் அறிவேன்.

மாணவியர் விடுதியில் நிலைமை இன்னும் கடினம். மாலைக்குப் பிறகு வாசலைத் தாண்டப் பெற்றோரின் தொலைபேசி அனுமதி வேண்டும். வீட்டில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதற்காகவே வயிற்று வலியை விடியும்வரை பொறுத்துக்கொள்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு வலிக்கும் ஒரு பெண் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

பிறகு

மருத்துவமனை தகவல் கொடுத்ததும் சுகாதாரத் துறையினர் விடுதிக்கு வந்தார்கள். புதிய கட்டிடத்தின் பின்னால் சிமென்ட் பூச்சுக்கு நீர் பிடித்து வைத்திருந்த பீப்பாய்களில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் நெளிந்தன. அதன் பக்கத்திலேயே பகலெல்லாம் உட்கார்ந்து பையன்கள் படிப்பார்கள். ஏடிஸ் கடிப்பது பெரும்பாலும் பகலில்தான். இரவில் கொசுவர்த்தி கொளுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம்.

கல்லூரிக் குழுவில் நான்கு கோரிக்கைகள் வைத்தேன். செவிலியர் தரும் சீட்டுக்கு மூன்று நாள் வருகை விலக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு சாலை முக்குக் கிளினிக்கின் வரிசையில் எங்கள் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். நோயால் தவறவிட்ட உள்மதிப்பீட்டுத் தேர்வை மறுபடி எழுத வாய்ப்பு உண்டு என்றும் ஏற்றார்கள். சேர்க்கையின்போதே காப்பீட்டு அட்டையின் நகலை வாங்கி வைக்கிறோம். மருத்துவர் எல்லா நாளும் மாலையில் வர வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் இன்னும் கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் அதை எடுத்துப் பேசுகிறேன், பேசிக்கொண்டே இருப்பேன்.

ஒரு நீளக் கணக்கேடு வாங்கி விடுதிக் காவலாளியின் மேசையில் வைத்திருக்கிறோம், இரவு முழுக்க விழித்திருப்பவர் அவர் ஒருவரே என்பதால். காய்ச்சல் வந்த யாரும் அதில் எழுத வேண்டும். அறை எண், பெயர், என்ன மாத்திரை, இரத்தம் பார்த்த எண்கள் எல்லாவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. முதல் கட்டம், காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும். அந்த ஏட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்தது அவன்தான்.